டிஎஃப்எஸ்ஏ கணக்கில் போடுவது, எடுப்பது, மறுபடி போடுவது: கனடாவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2025 மே மாதத்தில் கனடா வருவாய் முகமையிலிருந்து, அதாவது சிஆர்ஏவிலிருந்து, ஒரு பழுப்பு உறை வந்தது. உள்ளே இரண்டு பக்கக் கடிதம். 2024-இல் என் டிஎஃப்எஸ்ஏ கணக்கில், அதாவது வரியில்லாச் சேமிப்புக் கணக்கில், அனுமதிக்கப்பட்டதைவிட 9,000 டாலர் அதிகமாகப் போட்டிருக்கிறேன், அதற்கு மாதம் 1 சதவீதம் வரி உண்டு என்று எழுதியிருந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் புதிதாக ஒரு டாலர்கூடப் போடவில்லையே! அந்த ஏப்ரலில் அப்பாவின் ஆபரேஷனுக்காக 9,000 டாலர் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். ஜூலை 29 அன்று அதே 9,000 டாலரைத் திருப்பிப் போட்டேன். எடுத்ததைத்தானே வைத்தேன், இதில் எங்கே அதிகம் என்றுதான் தோன்றியது.

எடுப்பதற்கு முன்னால் வங்கியில் கேட்கவும் செய்தேன். "டிஎஃப்எஸ்ஏ தானே, எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், திருப்பியும் போடலாம், வரியே கிடையாது" என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். அவர் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் "எப்போது திருப்பிப் போடலாம்" என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியின் விலை 540 டாலர். உங்களுக்கு அந்தச் செலவு வரக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் "ரூம்" என்றால் என்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

டிஎஃப்எஸ்ஏ என்பது வரியில்லாச் சேமிப்புக் கணக்கு. உள்ளே பணம் வளர்ந்தாலும் வரி இல்லை, வெளியே எடுத்தாலும் வரி இல்லை. பதிலுக்கு, எவ்வளவு போடலாம் என்பதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். அந்த அளவில் உங்களுக்கு இன்னும் மீதி இருப்பதைத்தான் காண்ட்ரிபியூஷன் ரூம் என்கிறார்கள். இங்கே நம் ஆட்கள் எல்லாரும் "ரூம்" என்றே சொல்வதால் நானும் அப்படியே எழுதுகிறேன்.

பெயரில் சேமிப்பு இருக்கிறதே தவிர, இது வெறும் சேமிப்புக் கணக்கு இல்லை. இதை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் ரொக்கம் வைக்கலாம், ஜிஐசி (நம் ஊர் ஃபிக்ஸட் டெபாசிட் மாதிரி) வைக்கலாம், மியூச்சுவல் ஃபண்ட், பங்கு, இடிஎஃப் (பங்கு மாதிரியே சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்) வைக்கலாம். விதிகள் எல்லாம் பெட்டியின் வாசலுக்குத்தான்: எவ்வளவு உள்ளே போகிறது, எவ்வளவு வெளியே வருகிறது, எந்தத் தேதியில். உள்ளுக்குள்ளே ஒரு ஃபண்டை விற்று இன்னொன்றை வாங்குவதோ, வட்டி சேர்வதோ ரூமைத் தொடாது. நிர்வாகக் கட்டணம் உள்ளேயிருந்து கழிந்தாலும் அது எடுத்ததாகக் கணக்கில் வராது.

2. உங்கள் ரூமை நீங்களே கணக்குப் போடுங்கள்

புதிதாக வருபவர்கள் அதிகம் தவறுவது இந்த இடத்தில்தான். இணையத்தில் "2026 வரை மொத்தம் 109,000 டாலர் போடலாம்" என்று படித்திருப்பீர்கள். அது 2009-இல் இந்தத் திட்டம் தொடங்கியபோதே 18 வயது முடிந்து, அன்றிலிருந்து கனடாவிலேயே இருப்பவர்களுக்கான கணக்கு. உங்களுக்கும் எனக்கும் அது பொருந்தாது. நாம் வரிக் கணக்கில் கனடாவின் குடியிருப்பாளரான வருடத்திலிருந்துதான் ரூம் தொடங்குகிறது.

வருட வரம்புகள் இவை: 2009 முதல் 2012 வரை வருடம் 5,000 டாலர். 2013, 2014-இல் 5,500. 2015-இல் மட்டும் 10,000. 2016 முதல் 2018 வரை 5,500. 2019 முதல் 2022 வரை 6,000. 2023-இல் 6,500. 2024, 2025, 2026 மூன்றுக்கும் 7,000. விலைவாசியை ஒட்டி இந்த வரம்பு 500 டாலர் படிகளாக ஏறும்.

நீங்கள் வந்த வருடத்துக்கு முழு வரம்பும் கிடைக்கும், மாதக் கணக்கில் வெட்ட மாட்டார்கள். 2023 நவம்பரில் வந்திறங்கினாலும் அந்த வருடத்துக்கான 6,500 முழுதாக உங்களுடையது. அப்படி வந்தவருக்கு 2026 வரை 6,500 + 7,000 + 7,000 + 7,000, ஆக 27,500 டாலர். போடாமல் விட்ட ரூம் வீணாகாது, அப்படியே அடுத்தடுத்த வருடங்களுக்குச் சேர்ந்துகொண்டே போகும்.

இன்னொன்று, பிஆர், அதாவது நிரந்தர வசிப்புரிமை, கிடைத்த வருடம் முக்கியமில்லை. வொர்க் பெர்மிட்டிலோ மாணவராகவோ வந்து இங்கேயே வீடெடுத்துத் தங்கி, வரிக் குடியிருப்பாளராக இருந்திருந்தால் அந்த வருடத்திலிருந்தே கணக்கு ஓடும். என் நண்பர் ஒருவர் மூன்று வருட ரூமை இப்படித் தெரியாமலே ஒதுக்கி வைத்திருந்தார், பிஆர் வந்த பிறகுதான் எல்லாம் என்று நம்பிக்கொண்டு.

வயது 18 ஆகாதவர்களுக்கு 18 ஆகும் வருடத்திலிருந்து ரூம். பிரிட்டிஷ் கொலம்பியா, நோவா ஸ்கோஷியா போன்ற சில மாகாணங்களில் 19 ஆனால்தான் கணக்கே திறக்க விடுவார்கள். ஆனால் 18 வயது வருடத்தின் ரூம் கூடவே வரும்.

3. சிஆர்ஏ காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்

சிஆர்ஏவின் இணையக் கணக்கான மை அக்கவுண்ட்டில் நுழைந்தால் உங்கள் டிஎஃப்எஸ்ஏ ரூம் ஒரு எண்ணாகத் தெரியும். அதைப் பார்ப்பது நல்லதுதான். ஆனால் அது எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு பாருங்கள்.

அந்த எண் அந்த வருடம் ஜனவரி 1 நிலவரம். பிப்ரவரியில் நீங்கள் 5,000 போட்டாலும் மார்ச்சில் அது குறையாது. ஏனென்றால் வங்கிகள் ஒரு வருடத்தின் போட்டது, எடுத்தது எல்லாவற்றையும் அடுத்த வருடம் பிப்ரவரி முடிவதற்குள்தான் சிஆர்ஏவுக்கு அனுப்புகின்றன. அவர்கள் அதை ஏற்றி முடிக்க மேலும் சில வாரங்கள் ஆகும். அதனால் ஜனவரியில் பார்த்தால் போன வருடக் கணக்குகூட முழுதாக ஏறியிருக்காது. அதைப் பார்த்து "இன்னும் இடம் இருக்கிறதே" என்று பணத்தைப் போட்டு மாட்டிக்கொண்டவர்கள் நிறைய. நான் ஏப்ரல் கடைசிவரை அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை.

புதியவர்களுக்கு இன்னொரு சிக்கல். நீங்கள் கனடாவுக்கு வந்த தேதி சிஆர்ஏவுக்கு உங்கள் முதல் வரித் தாக்கலில்தான் போகிறது. அந்தத் தேதியை விட்டுவிட்டாலோ தவறாக எழுதினாலோ, வராத வருடங்களுக்கும் சேர்த்து ரூம் காட்ட வாய்ப்புண்டு. திரையில் காட்டியதே என்று பிறகு சொன்னால் செல்லாது, பொறுப்பு உங்களுடையது. திரையில் தெரியும் எண், மேலே இரண்டாவது படியில் நீங்கள் போட்ட கணக்கைவிட அதிகமாக இருந்தால் உங்கள் கணக்கையே பின்பற்றுங்கள். வரித் தாக்கலில் தேதியைச் சரிசெய்யச் சொல்லிக் கேளுங்கள்.

மை அக்கவுண்ட் திறக்க முதலில் ஒரு வரித் தாக்கலாவது செய்து முடித்திருக்க வேண்டும். வந்த முதல் வருடத்தில் உங்களிடம் இருப்பது உங்கள் சொந்தக் கணக்கு மட்டும்தான்.

4. கணக்கு திறப்பது

இதில் பெரிதாக ஒன்றும் இல்லை. செல்லுபடியாகும் சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்), பாஸ்போர்ட் அல்லது பிஆர் கார்டு மாதிரிப் படத்துடன் கூடிய அடையாளம், முகவரிச் சான்று, இவை போதும். 9-இல் தொடங்கும் தற்காலிக சின் நம்பர் இருந்தாலும் திறக்கலாம். ஆன்லைனிலேயே ஆளைச் சரிபார்க்கும் சில நிறுவனங்கள் இங்குள்ள கடன் வரலாற்றை வைத்துச் சரிபார்க்கும். வந்த புதிதில் அது இருக்காது, விண்ணப்பம் நின்றுவிடும். அப்போது கிளைக்கு நேரில் போய்விடுங்கள், அரை மணி நேர வேலை.

சின் நம்பரையும் பிறந்த தேதியையும் படிவத்தில் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். அவை தவறாக இருந்தால் கணக்கு டிஎஃப்எஸ்ஏவாகப் பதிவாகாமல் போகலாம், அப்புறம் அதன் வட்டிக்கு வரி வரும். பிஆர் ஆன பிறகு புதிய சின் நம்பர் வந்ததும் அதே வாரத்தில் வங்கிக்குச் சொல்லிவிடுங்கள்.

எத்தனை இடத்தில் வேண்டுமானாலும் கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் ரூம் ஆளுக்கு ஒன்றுதான், கணக்குக்கு ஒன்று அல்ல. மூன்று வங்கியில் மூன்று டிஎஃப்எஸ்ஏ இருந்தால் மூன்றிலும் போட்டதைக் கூட்டித்தான் பார்க்க வேண்டும். நீங்கள் வரம்பு மீறினால் எந்த வங்கியும் தடுக்காது. பக்கத்து வங்கியில் என்ன போட்டீர்கள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

5. தானாகப் போகும் பணத்தைக் கவனியுங்கள்

சம்பள நாளன்று தானாகவே டிஎஃப்எஸ்ஏவுக்குப் பணம் போகும்படி வைப்பது நல்ல பழக்கம். ஆனால் இங்கே சம்பளம் பெரும்பாலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, அதாவது வருடத்துக்கு 26 முறை. ஒவ்வொரு முறையும் 300 டாலர் என்று வைத்தால் வருடத்தில் 7,800 ஆகிவிடும். பழைய ரூம் மீதி இல்லாதவர் 7,000 வரம்பை 800 டாலர் தாண்டிவிடுவார். வருடத் தொகையை 26-ஆல் வகுத்து, கொஞ்சம் குறைத்து வையுங்கள். 7,000 என்றால் 265 டாலர் போதும்.

ஓய்வுகாலச் சேமிப்புத் திட்டமான ஆர்ஆர்எஸ்பியில் தவறிப்போய் 2,000 டாலர் வரை அதிகமாகப் போட்டால் அபராத வரி இல்லை. அதே சலுகை இதிலும் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டிஎஃப்எஸ்ஏவில் ஒரு டாலர்கூட விட்டுக்கொடுப்பு கிடையாது.

6. எடுப்பதும் திருப்பிப் போடுவதும்

நான் தடுக்கி விழுந்த இடம் இது. மெதுவாகப் படியுங்கள்.

எடுப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. காரணம் சொல்ல வேண்டாம், வரி இல்லை, வருமானமாகக் காட்ட வேண்டாம். குழந்தைகளுக்கான கனடா சைல்ட் பெனிஃபிட், ஜிஎஸ்டி கிரெடிட், முதியோர் உதவித்தொகை எதுவும் இதனால் குறையாது. எடுத்த தொகை முழுவதும் உங்கள் ரூமில் மறுபடி சேரும். ஆனால் உடனே சேராது. அடுத்த வருடம் ஜனவரி 1 அன்றுதான் சேரும். பலருக்கு எட்டாமல் போவது இந்தக் கடைசி வாக்கியம்தான்.

என் கணக்கையே காட்டுகிறேன். நான் 2021 செப்டம்பரில் வந்தேன். 2021-க்கு 6,000, 2022-க்கு 6,000, 2023-க்கு 6,500, 2024-க்கு 7,000, மொத்த ரூம் 25,500. 2024 பிப்ரவரிக்குள் அத்தனையும் போட்டாகிவிட்டது. மீதி ரூம் பூஜ்யம். ஏப்ரலில் 9,000 எடுத்தேன். அப்போதும் அந்த வருடத்துக்கான மீதி ரூம் பூஜ்யம்தான், ஏனென்றால் அந்த 9,000-க்கான ரூம் 2025 ஜனவரி 1 அன்றுதான் திரும்பி வரும். ஜூலை 29-இல் நான் 9,000 போட்டபோது அது முழுவதும் ரூம் இல்லாமல் போட்ட பணம்.

அதிகத் தொகைக்கு வரி மாதம் 1 சதவீதம். மாதத்தில் எந்த நாளிலாவது அதிகபட்சமாக எவ்வளவு மீறியிருந்ததோ அதன்மீது கணக்கிடுவார்கள். ஜூலையில் மூன்றே நாள்தான் அந்தப் பணம் உள்ளே இருந்தது, ஆனாலும் ஜூலைக்கு முழு 90 டாலர். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை இன்னும் ஐந்து 90. ஆக 540. ஜனவரி 1 அன்று புது வருடத்து 7,000-உம் திரும்பி வந்த 9,000-உம் சேர்ந்து 16,000 ரூம் பிறந்தது. அதில் 9,000 அந்த அதிகத்தை விழுங்கிக்கொண்டது, மீறல் தானாகவே நின்றது. ஐந்தே மாதம் பொறுத்து ஜனவரி 2-ஆம் தேதி போட்டிருந்தால் ஒரு காசு செலவில்லை. அந்த ஐந்து மாதமும் பணம் சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்திருந்தால் வட்டிக்கு வரி கொஞ்சம் போயிருக்கும், அவ்வளவுதான்.

எடுத்த அதே வருடத்தில் திருப்பிப் போடவே கூடாது என்று அர்த்தமில்லை. உங்களிடம் பயன்படுத்தாத ரூம் இருந்தால் தாராளமாகப் போடலாம். ஒருவருக்கு 20,000 ரூம், அவர் 8,000 போட்டார், பிறகு 5,000 எடுத்தார். அவருக்கு இன்னும் 12,000 மீதி இருக்கிறது. அதே வருடத்தில் அந்த 5,000-ஐத் திருப்பிப் போட்டால் 12,000-இலிருந்து கழிந்து 7,000 மீதி. எடுத்த 5,000-க்கான ரூம் ஜனவரியில் தனியாக வந்து சேரும். ரூமை முழுதாக நிரப்பியவர்களுக்குத்தான் ஆபத்து.

லாபமும் நஷ்டமும் ரூமை எப்படிப் பாதிக்கும் என்பதையும் பாருங்கள். 6,000 போட்டு அது 8,400 ஆகி, முழுவதையும் எடுத்தால், ஜனவரியில் 8,400 ரூம் திரும்ப வரும். இது கொடை மாதிரி. மாறாக 6,000 போட்டு அது 3,800 ஆகச் சுருங்கி, அதை எடுத்தால் 3,800 மட்டும்தான் திரும்பும். போன 2,200 டாலர் ரூம் நிரந்தரமாகப் போய்விட்டது. அந்த நஷ்டத்தை வரித் தாக்கலில் காட்டவும் முடியாது. அதனால்தான் யாரோ சொன்னார்கள் என்று ஒரே பங்கை இதற்குள் வாங்கி வைக்காதீர்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

இன்று என் பழக்கம் இது: மூன்று மாதச் செலவுக்கான அவசரப் பணம் டிஎஃப்எஸ்ஏவுக்கு வெளியே இருக்கிறது. வருடத் தொடக்கத்தில் பணம் தேவைப்பட்டால் முதலில் அதில் கை வைக்கிறேன்.

7. டிசம்பரில் எடுக்கலாமா, ஜனவரியில் எடுக்கலாமா

புது வருடத்தின் முதல் மூன்று மாதத்துக்குள் பணம் தேவைப்படும் என்று தெரிந்தால், டிசம்பர் 31-க்குள் எடுத்துவிடுங்கள். டிசம்பர் 30-இல் எடுத்தால் ரூம் இரண்டே நாளில் திரும்பி வருகிறது. ஜனவரி 3-இல் எடுத்தால் ஏறத்தாழ ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். கார் வாங்குவது, ஊருக்குக் குடும்பத்தோடு டிக்கெட் போடுவது, வீட்டுக்கு முன்பணம், இவை எல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவுகள்தானே.

கணக்கில் ரொக்கமாக இருந்தால் அன்றே எடுத்துவிடலாம். பங்கோ இடிஎஃப்போ இருந்தால் முதலில் விற்க வேண்டும். 2024 மே மாதக் கடைசியிலிருந்து கனடாவில் விற்ற பணம் அடுத்த வேலை நாளில் கைக்கு வருகிறது. அதன் பிறகுதான் அதை வெளியே எடுக்க முடியும். நடுவில் கிறிஸ்துமஸ், பாக்ஸிங் டே, வாரக்கடைசி எல்லாம் வரும். டிசம்பர் 20-க்குள் விற்றுவிட்டால் நிம்மதி. பணம் டிஎஃப்எஸ்ஏவை விட்டு வெளியேறிய தேதிதான் கணக்கு, நீங்கள் விற்ற தேதி அல்ல.

ஜிஐசி வைத்திருப்பவர்கள் அது முதிர்வுக்கு முன் எடுக்கக்கூடிய வகையா என்று வாங்கும்போதே கேளுங்கள். எடுக்க முடியாத வகை என்றால் உங்கள் அவசரம் அதற்குத் தெரியாது.

8. வங்கி மாற்றும்போது பணத்தை உங்கள் கையில் வாங்காதீர்கள்

இன்னொரு வங்கியில் வட்டி அதிகம் என்று பார்த்து, இங்கே எடுத்து, அங்கே போட்டால், அது ஒரு எடுப்பும் ஒரு போடுதலும் ஆகிவிடும். ரூம் இல்லையென்றால் என் கதைதான். அதே வங்கிக்குள் இருக்கும் இரண்டு டிஎஃப்எஸ்ஏக்களுக்கு இடையேயும் செக்கிங் கணக்கு வழியாகப் பணத்தை நகர்த்தினால் இதே நிலைமை.

சரியான வழி நேரடி மாற்றம். புதிய வங்கியில் போய் டிஎஃப்எஸ்ஏ கணக்கு திறந்து, டிரான்ஸ்ஃபர் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். பழைய வங்கிக்கு நீங்கள் போகவே வேண்டாம், அவர்களே கேட்டு வாங்கிக்கொள்வார்கள். படிவத்துக்குப் பழைய கணக்கின் சமீபத்திய ஸ்டேட்மெண்ட் ஒன்று தேவைப்படும். ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரம்வரை ஆகலாம். பழைய இடத்தில் 50 முதல் 150 டாலர் வரை மாற்றுக் கட்டணம் பிடிப்பது வழக்கம். புதிய இடத்தில் "அந்தக் கட்டணத்தைத் திருப்பித் தருவீர்களா" என்று கணக்கு திறக்கும் முன்பே கேளுங்கள். கேட்டவர்களுக்குப் பல இடங்களில் தருகிறார்கள், கேட்காதவர்களுக்குத் தானாகத் தருவதில்லை.

9. ஒரு நோட்டு போடுங்கள்

டிஎஃப்எஸ்ஏவுக்கு வரிச் சீட்டு எதுவும் வராது. ஆர்ஆர்எஸ்பிக்கு ரசீது வரும், சாதாரண வட்டிக்கு டி5 வரும், இதற்கு ஒன்றும் வராது. அதனால் நாம் எழுதி வைத்தால்தான் உண்டு. என் நோட்டில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு பக்கம். மேலே "ஜன. 1 ரூம்" என்று ஒரு எண். கீழே தேதி, எந்த வங்கி, போட்டது, எடுத்தது, மீதி ரூம் என ஐந்து பத்திகள். எடுத்ததை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதுகிறேன், அதை மீதி ரூமில் கூட்டுவதில்லை. பக்கத்தின் அடியில் சிவப்பு எண்களைக் கூட்டி, "அடுத்த வருடத்துக்கு" என்று எழுதி வைக்கிறேன். ஜனவரி 1 அன்று புதுப் பக்கத்தில் மூன்றையும் கூட்டினால் வேலை முடிந்தது: போன வருட மீதி ரூம், சிவப்புத் தொகை, புது வருட வரம்பு.

ஏப்ரல் கடைசியில் மை அக்கவுண்ட் எண்ணோடு இதை ஒப்பிடுங்கள். அங்கே ஒவ்வொரு பரிவர்த்தனையும் தேதியோடு தெரியும். வித்தியாசம் வங்கி அனுப்பிய தகவலில் இருந்தால் வங்கியிடம்தான் திருத்தச் சொல்ல வேண்டும். சிஆர்ஏவுக்கு போன் செய்து காத்திருப்பதில் பலனில்லை. மாதாந்திர ஸ்டேட்மெண்ட்டுகளை பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கணக்கை மூடிவிட்டால் பிறகு கிடைப்பது கஷ்டம்.

10. அதிகமாகப் போட்டுவிட்டது தெரிந்தால்

இன்றே எடுத்துவிடுங்கள். மாதம் முடிவதற்குள் எடுத்தால் அந்த ஒரு மாத வரியோடு போகும். ஒன்றாம் தேதி ஆனால் இன்னொரு மாதம் ஏறிவிடும்.

அப்புறம் ஆர்சி243 என்ற படிவமும் அதன் ஏ பட்டியலும் நிரப்பி, வரியோடு சேர்த்து அடுத்த வருடம் ஜூன் 30-க்குள் அனுப்ப வேண்டும். ஏ பட்டியலில் மாதவாரியாக எவ்வளவு போட்டீர்கள், எடுத்தீர்கள் என்று எழுத வேண்டியிருக்கும். நோட்டு இருந்தால் ஒரு மணி நேரம். நோட்டு இல்லாத நான் இரண்டு நாள் ஸ்டேட்மெண்ட் தேடினேன். தாமதமானால் பாக்கித் தொகையில் 5 சதவீதமும், அதற்குமேல் ஒவ்வொரு முழு மாதத்துக்கும் 1 சதவீதமும் அபராதம், பன்னிரண்டு மாதம்வரை. வட்டி தனி.

வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கடிதம் எழுதலாம். வருமான வரிச் சட்டத்தின் 207.06 பிரிவு அதற்கு இடம் தருகிறது. இரண்டு விஷயத்தைப் பார்ப்பார்கள்: நியாயமான தவறால் நடந்ததா, தெரிந்தவுடன் தாமதமில்லாமல் பணத்தை எடுத்தீர்களா. வங்கி இரண்டு முறை பணத்தைப் பிடித்தது போன்ற காரணமும் அதற்கான தாளும் இருந்தால் கண்டிப்பாக எழுதுங்கள். "விதி தெரியாது" என்பது மட்டும் காரணமாக இருந்தால் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். என்னிடம் இருந்த காரணம் அது ஒன்றுதான், அதனால் 540 டாலரைக் கட்டிவிட்டேன்.

11. கணவன் மனைவி, வாரிசு

கூட்டு டிஎஃப்எஸ்ஏ கிடையாது. ஆனால் சம்பாதிப்பவர் ஒருவர் மட்டும் என்றாலும் மற்றவருக்குப் பணம் கொடுத்து அவர் பெயரில் அவருடைய ரூமுக்குள் போடலாம், அதில் வரும் வருமானம் கொடுத்தவர் தலையில் விழாது. வீட்டில் வேலைக்குப் போகாத மனைவியோ கணவரோ இருந்தால் இதை முதலில் செய்யுங்கள். கணக்கு திறக்கும் படிவத்தில் துணையை வெறும் பயனாளி என்று எழுதாமல் "சக்சஸர் ஹோல்டர்" என்று எழுதுங்கள். உங்களுக்கு ஏதாவது ஆனால் கணக்கு அப்படியே அவருடையதாகும், அவருடைய ரூம் குறையாது. கியூபெக்கில் இருப்பவர்கள் இதற்கு உயில் வழியாகத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும்.

12. கனடாவை விட்டுப் போனால்

வேலைக்காகத் துபாய்க்கோ திரும்பச் சென்னைக்கோ போய் வரிக் குடியிருப்பை முடித்துக்கொண்டால், கணக்கை மூட வேண்டியதில்லை. உள்ளே இருப்பது கனடாவில் வரியில்லாமல் வளரலாம், எடுக்கவும் எடுக்கலாம். ஆனால் வெளியே இருக்கும்போது ஒரு டாலர்கூடப் போடாதீர்கள். ரூம் இருந்தாலும் அந்தப் பணத்துக்கு மாதம் 1 சதவீதம் வரி ஓடும். வெளியே கழித்த முழு வருடங்களுக்குப் புது ரூமும் வராது. போய்ச் சேரும் நாடு இந்தக் கணக்கை வரியில்லாததாக ஏற்கும் என்று நம்ப வேண்டாம். கிரீன் கார்டோ அமெரிக்கக் குடியுரிமையோ வைத்திருப்பவர்கள் கணக்கு திறக்கும் முன்பே அங்குள்ள வரிக் கணக்காளரிடம் பேசிவிடுங்கள், அமெரிக்கா டிஎஃப்எஸ்ஏவின் வரிவிலக்கை ஏற்பதில்லை.

விமானம் ஏறும் வாரத்தில் மறந்துபோகும் ஒன்று: ஐந்தாவது படியில் சொன்ன அந்தத் தானியங்கிப் பிடித்தம். வீட்டைக் காலி செய்கிற அவசரத்தில் மின்சாரம், இணையம் எல்லாவற்றையும் நிறுத்துகிறோம், இது மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்திவிட்டு, நிறுத்தியதற்கான மின்னஞ்சலையும் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.